பட்டியலில் இல்லாத விஷம்

ஆதாரம் எங்கே என்று கேட்கிறீர்கள். யாரைப் பார்த்து? கல்யாணமாகி ஹைதராபாத் வந்த நாள் முதல் மூசி ஆற்றுக்குப் பக்கத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு குடும்பம் நடத்துகிற என்னைப் பார்த்து. ஆய்வுக்கூடம் என்னிடம் இல்லை. மாதிரி எடுக்கிற குப்பி இல்லை. எடுத்தாலும் சோதித்துத் தர ஆள் இல்லை.

அளக்கிற கருவி உங்களிடம் இருக்கிறது. அளக்கிற அதிகாரமும் உங்களிடம்தான். எதை எதை அளக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறவர்களும் நீங்களே. ஒரு பொருளைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டு, அதனால் கெடுதல் நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம் ஐயா?

ஒருமுறை ஓர் அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். எந்த அலுவலகம் என்பதில் ஒன்றுமில்லை, எங்கே போயிருந்தாலும் இதுதான் கிடைத்திருக்கும். மூசித் தண்ணீரில் நோனைல்ஃபீனால் எவ்வளவு? பிஸ்ஃபீனால்? தாலேட்டுகள்? பெண் ஹார்மோன்? அந்த மனிதர் மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொன்னார், கோப்பைத் திறந்து காட்டினார். அமில காரத் தன்மை இருந்தது, கரைந்த ஆக்சிஜன் இருந்தது, பிஓடி இருந்தது, மலக்கிருமி எண்ணிக்கை இருந்தது. நான் கேட்ட நான்கில் ஒன்றும் இல்லை. “அதெல்லாம் பாராமீட்டர்ல வராதும்மா” என்றார். அப்படியானால் ஆற்றில் அவை கிடையாதா என்றேன். “கிடையாதுன்னு நான் சொல்லலையே. பார்க்கலைன்னுதான் சொல்றேன்.” இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான பதில் அதுதான். அந்தக் கோப்பு மேலே போகப் போக என்ன ஆகிறது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். மேடைக்குப் போய்ச் சேரும்போது “மக்கள் பயப்படத் தேவையில்லை” என்று ஆகியிருக்கிறது.

நாற்றமடிக்கிற விஷமென்றால் ஒதுங்கிப் போகலாம். நுரைக்கிற விஷமென்றால் படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பலாம். மழைக்காலத்தில் மூசியின் தடுப்பணைகளில் வெள்ளை வெளேரென்று நுரை பொங்கும்போது தொலைக்காட்சிக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். நான் சொல்வது நுரையைப் பற்றி இல்லை. நிறமில்லாமல், வாசனையில்லாமல், யாரையும் அன்றைக்கே கொல்லாமல், ஒரு தலைமுறை கழித்து வேலையைக் காட்டுகிற சரக்கைப் பற்றி.

உடம்பின் ஒவ்வொரு சுரப்பியும் ரத்தத்தின் வழியாக உத்தரவு அனுப்புகிறது: வளர், நிறுத்து, பூப்படை, கருவைத் தாங்கு. இந்த ரசாயனங்கள் அந்த உத்தரவில் கள்ளக் கையெழுத்துப் போடுகிறவை. உடம்பும் கையெழுத்தை நம்பிக் காரியத்தைத் தொடங்கிவிடுகிறது. இவை எங்கோ வேற்றுக் கிரகத்திலிருந்து வரவில்லை. துணி துவைக்கும் சோப்புத்தூளிலும், பிளாஸ்டிக்கை வளைய வைக்கிற தாலேட்டிலும், கிருமிநாசினி சோப்பின் டிரைக்ளோசானிலும், வயலுக்கு அடிக்கிற மருந்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிட்ட பெண்ணின் சிறுநீரிலும் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து தயாரித்த 2012-ஆம் ஆண்டு அறிக்கை, ஹார்மோனில் கைவைப்பவை என்று தெரிந்தவையும் சந்தேகிக்கப்படுபவையுமாக ஏறக்குறைய 800 ரசாயனங்கள் இருப்பதாகச் சொன்னது. அவற்றில் சரியாகச் சோதிக்கப்பட்டவை மிகச் சொற்பம் என்றும் சேர்த்தே சொன்னது.

கொஞ்சம்தானே இருக்கிறது, அதற்குப் போய் இத்தனை கூச்சலா என்பீர்கள். எவ்வளவு கொஞ்சம் போதும் என்று கனடாக்காரர்கள் செய்து பார்த்துவிட்டார்கள். ஒன்டாரியோவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் 260 என்று எண்ணிட்ட ஒரு சின்ன ஏரி. 2001-லிருந்து மூன்று வருஷம், கோடைதோறும், கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜனை அதில் கலந்தார்கள் கேரன் கிட் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும். லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம்தான். நூறு கோடி லிட்டர் தண்ணீருக்கு ஐந்தாறு கிராம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண் மீன்களின் உடம்பில், பெண் மீன் மட்டுமே உண்டாக்க வேண்டிய முட்டைப் புரதம் ஊறியது. விரைக்குள் முட்டை வந்தது. ஏரியிலிருந்த ஒரு சிறு மீனினம் ஏறத்தாழ பூண்டற்றுப் போனது. ஹைதராபாத் ஒரே நாளில் வெளியே தள்ளுகிற சாக்கடை நூறு கோடி லிட்டருக்கு மேல். அதில் என்னென்ன எத்தனை கிராம் இருக்கிறது என்று எனக்கு யாராவது சொல்ல வேண்டாமா?

மூசியின் கதையைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. விகாராபாத் பக்கம் அனந்தகிரி மலையில் பிறக்கிற ஆறு. 1908 செப்டம்பர் 28-ஆம் தேதி வெள்ளமாக வந்து ஆயிரக்கணக்கான பேரை வாரிக்கொண்டு போனது. அதற்கப்புறம் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை வரவழைத்துத் திட்டம் போட்டு, மூசியில் உஸ்மான் சாகரும் துணையாறான ஈசியில் ஹிமாயத் சாகரும் என்று இரண்டு அணைகள் கட்டினார்கள். ஒன்று 1920-ல் முடிந்தது, மற்றது 1927-ல். வெள்ள பயம் தணிந்தது, நகரத்துக்குக் குடிக்கவும் தண்ணீர் கிடைத்தது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் மலைத் தண்ணீர் அணையோடு நின்றுவிட, மழை இல்லாத மாதங்களில் நகரத்துக்குள் ஆறு என்ற பேரில் ஓடுவது நம் குளியலறையும் கழிப்பறையும் தொழிற்சாலையும் அனுப்பி வைப்பதுதான். அந்த அணைகளின் நீர்ப்பிடிப்பில் கட்டடம் வராமல் காப்பதற்கு 1996-ல் அரசாணை 111 என்று ஒன்று போட்டார்கள். 2022-ல் அதையும் தளர்த்தி ஆணை வந்தது. மிச்சமிருந்த நல்ல தண்ணீருக்கும் நாள் குறித்தாயிற்று.

சுத்திகரிக்கிறோமே என்பீர்கள். தெரியும். முப்பத்தொரு புதிய சுத்திகரிப்பு நிலையங்கள், சாக்கடையை நூறு சதவீதம் சுத்திகரிக்கும் முதல் இந்திய நகரம், எல்லாம் கேட்டோம். கட்டியது நல்லதுதான், மலம் கலந்த தண்ணீரை அப்படியே ஆற்றில் விடுவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் அந்த நிலையங்கள் மலத்துக்காகக் கட்டப்பட்டவை. உள்ளே என்ன நடக்கிறதென்று படித்தபோது எனக்கு நெஞ்சு பகீரென்றது. பெண்ணின் உடம்பு ஈஸ்ட்ரோஜனைச் சிறுநீரில் அனுப்பும்போது ஒரு சர்க்கரை மூலக்கூறோடு பிணைத்து, வீரியத்தை அடக்கித்தான் அனுப்புகிறது. நம் உடம்புக்கு இருக்கிற பொறுப்பு அது. சாக்கடையில் வாழும் பாக்டீரியா அந்தப் பிணைப்பை வெட்டிவிடுகிறது. அடங்கிப் போன ஹார்மோன் மறுபடி உயிர் பெறுகிறது. அதில் ஒரு பகுதியை நிலையம் அழிக்கும், மிச்சம் வெளியே வரும். மாத்திரையிலிருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜன் இன்னும் பிடிவாதமானது, லேசில் சிதையாது.

சோப்புத்தூள் கதை அதைவிட மோசம். நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் என்ற அழுக்கு நீக்கி நீண்ட வாலோடு நிலையத்துக்குள் போகிறது. பாக்டீரியா வாலை மட்டும் தின்றுவிட்டு நோனைல்ஃபீனாலை மிச்சம் வைக்கிறது. ஈஸ்ட்ரோஜனாக வேஷம் போடுவதில் தாயை மிஞ்சிய பிள்ளை இது. சுத்தம் செய்யப் போய் உள்ளே போனதைவிடக் கெட்டதாக வெளியே வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2003-லேயே இதைச் சலவைப் பொருள்களில் முடக்கிவிட்டது. நாம் இன்னமும் வாளியில் கரைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் தண்ணீரோடு போய்விடும் என்றாவது ஆறுதல்பட முடியுமா? முடியாது. இந்த வகையில் பல ரசாயனங்களுக்குத் தண்ணீர் பிடிக்காது. மண்ணிலும் மட்கிய கசடிலும் போய் ஒட்டிக்கொண்டு அடியில் படிகின்றன. மூசியின் கருப்புச் சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இவை சிதைய வருஷக்கணக்கில் ஆகும். இன்றைக்கே எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டாலும், போன தலைமுறை கொட்டியதை இந்தத் தலைமுறையின் வெள்ளம் கிளறி மேலே கொண்டுவரும். சேற்றில் புழு மேயும், புழுவை மீன் தின்னும். கரையில் நின்று தண்ணீரை மட்டும் மொண்டு சோதித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அடியில் இருப்பது எப்படித் தெரியும்?

நகரம் தாண்டிய பிறகுதான் ஆற்றுக்கு உண்மையான வேலை. உப்பலுக்குக் கீழே பீர்ஜாதிகூடா, பிரதாபசிங்காரம், எதுலாபாத் என்று ஊர் ஊராக அந்தத் தண்ணீரைத்தான் வாய்க்காலில் திருப்பி விவசாயம் செய்கிறார்கள். வேறு தண்ணீருக்கு அவர்கள் எங்கே போவார்கள்? நெல் விளைகிறது, கீரை விளைகிறது. எல்லாவற்றையும்விட அதிகமாகத் தண்ணீர்ப்புல் விளைகிறது. சாக்கடை குடித்து ஆளுயரம் நிற்கும். வெட்டிக் கட்டுக்கட்டாக எருமைத் தொழுவங்களுக்கு அனுப்புவார்கள். எருமைப் பால் நகரத்துக்குத் திரும்பி வரும். கொழுப்பில் கரைகிற விஷங்கள் போய்ச் சேருகிற இடம் பாலின் கொழுப்பு என்பது பள்ளிக்கூடப் பாடம். கெட்டித் தயிர் கேட்டு வாங்குகிறவர்கள் நாங்கள்.

கீரை விற்கிற அக்காவை நான் ஒருநாளும் திட்டியதில்லை. முழங்கால் வரை அந்தத் தண்ணீரில் நின்று அறுப்பவள் அவள். அவள் காலில் உள்ள சொறியைப் பார்த்தால் என் வீட்டுக் கவலை சின்னதாகிவிடும். கர்ப்பமாக இருந்தபோதும் அதே தண்ணீரில்தான் நின்றேன் என்றாள். “நாங்கள் சாக்கடை விட்டோமா அம்மா? உங்க ஊர் விட்டது எங்க வயலுக்கு வருது” என்று அவள் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாடியில் இருக்கிறவன் கொட்டியதைக் கீழே இருக்கிறவள் சுமக்கிறாள், பிறகு தராசில் வைத்து மாடிக்கே திருப்பிக் கொடுக்கிறாள்.

படான்செருவைச் சொல்லாமல் இந்தக் கொதிப்பு அடங்காது. 1970-களில் வளர்ந்த தொழிற்பேட்டை, நகரத்துக்கு வடமேற்கே. மருந்துக்கு மூலப்பொருள் செய்கிற ஆலைகள் வரிசையாக வந்தன. இசகவாகு, நக்கவாகு என்ற ஓடைகள் செத்தன. அங்கிருந்து மஞ்சீரா ஆற்றுக்குப் போனது கழிவு. கிணறுகள் நிறம் மாறின, வயல்கள் கருகின. 1990-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. டாக்டர் கிஷன் ராவ் என்ற உள்ளூர் மருத்துவர், நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், ஸ்டெதஸ்கோப்போடு வழக்குக் கட்டையும் தூக்கிக்கொண்டு அலைந்தார். 2020-ல் அவர் காலமானார். அவர் தொடங்கிய சண்டை முடியவில்லை.

2007-ல் ஸ்வீடனிலிருந்து யோவாகிம் லார்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 90 மருந்து நிறுவனங்களின் கழிவை வாங்கிச் சுத்திகரிக்கிற பொது நிலையம் படான்செருவில் இருக்கிறதே, அங்கே சுத்திகரித்து வெளிவந்த தண்ணீரை அளந்தார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக். மாத்திரை சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. ஒரு நாளில் வெளியேறியது 45 கிலோ. 90 லட்சம் பேர் உள்ள ஸ்வீடன் தேசம் முழுக்க ஐந்து நாளில் சாப்பிடுகிற அளவு. பிறகு அதே நீரை ஐந்நூறு பங்குக்கு ஒரு பங்காகக் கலந்து தவளைக் குஞ்சுகளை விட்டுப் பார்த்தார்கள். வளர்ச்சி 40 சதவீதம் குறைந்தது. ஆற்று வண்டலைத் தோண்டினால் மருந்துக்கு அடங்காத கிருமிகளின் மரபணுக்கள் குவியலாகக் கிடைத்தன. ஊர்க்காரன் இருபது வருஷம் கத்தியது காதில் ஏறவில்லை. வெள்ளைக்காரன் அளந்து சொன்னதும் தில்லிக்குக் காது கேட்டது. இதையும் நான் கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

கேட்டபின் என்ன நடந்தது? 18 கிலோமீட்டருக்குக் குழாய் போட்டு, படான்செருக் கழிவை நகரத்தின் சாக்கடையோடு சேர்த்து அம்பர்பேட்டை சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பினார்கள். மஞ்சீரா பக்கத்துக் குற்றம் மூசி பக்கம் வந்து சேர்ந்தது. மலத்தைத் தின்னப் பழகிய பாக்டீரியாவுக்கு மருந்தாலைக் கழிவு பரிமாறப்பட்டது. 2020 ஜனவரியில் மத்திய அரசு ஒரு வரைவு கொண்டுவந்தது: மருந்து ஆலைக் கழிவில் 121 ஆன்டிபயாடிக்குகளுக்கு உச்ச அளவு நிர்ணயம். நாங்கள்கூட ஏமாந்து சந்தோஷப்பட்டோம். 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிப்பு வந்தபோது அந்த அளவுகள் காணாமல் போயிருந்தன. பெயர் சொல்லி, அளவு சொல்லி, உலகமே பார்த்த ஆன்டிபயாடிக்குக்கே இந்தக் கதியென்றால், பட்டியலிலேயே ஏறாத ஹார்மோன் விஷத்துக்கு யார் வாதாடப் போகிறார்கள்? 2022-ல் 104 நாடுகளின் 258 ஆறுகளில் மருந்துக் கழிவை அளந்த சர்வதேச ஆய்வு ஒன்று வந்தது. அதில் மூசி 22-ஆவது இடத்தில் இருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. ரேங்க் வாங்கிக் கொடுத்த பிள்ளையைப் பற்றிப் பேசுகிற தொனியில் ஒருவர் என்னிடம் சொன்னார், “முதல் இருபதுக்குள்ள வரலை பாருங்க.”

ஒவ்வோர் ஆலையும் தன் அறிக்கையில் எழுதும்: எங்கள் கழிவு வரம்புக்குள்தான் இருக்கிறது. இருக்கட்டும். லண்டனில் கார்ட்டன்கேம்ப் என்ற ஆய்வாளரின் குழு 2002-லேயே இந்த வாதத்தின் அடிமடியில் கைவைத்துவிட்டது. ஈஸ்ட்ரோஜன் வேஷம் போடுகிற எட்டு ரசாயனங்களை எடுத்துக்கொண்டார்கள். தனித்தனியாக ஒன்றுமே செய்யாத அளவில் ஒவ்வொன்றையும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் கலந்தார்கள். எட்டும் சேர்ந்ததும் விளைவு தெரிந்தது. மூசி எட்டு ரசாயனம் கலந்த பாத்திரமில்லை. எத்தனை என்று எண்ணிச் சொல்ல ஆளில்லாத பாத்திரம். எல்லாரும் வரம்புக்குள், ஆறு மட்டும் வரம்பு மீறி. குற்றம் நடந்திருக்கிறது, குற்றவாளி மட்டும் இல்லை.

என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன், இப்போது அவளுக்கு விவரம் தெரிகிற வயது. “எழுதும்மா, பேரை மட்டும் போடாதே” என்றாள். அவள் எட்டு வயதில் பெரியவளானாள். மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடக் கழிப்பறையில் பயந்து அழுதுகொண்டிருந்தவளை ஆயாம்மா கண்டுபிடித்து எனக்கு ஃபோன் பண்ணினார். திருநெல்வேலியிலிருந்து மாமியார் புறப்பட்டு வந்து, தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்பணும், சடங்கு வைக்கணும் என்று ஆரம்பித்தார். பொம்மைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருக்கிற குழந்தைக்குப் பட்டுப்புடவை சுற்றி மனையில் உட்கார வைப்பதா? நான் மாட்டேன் என்றேன். ஒரு வருஷம் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

டாக்டரிடம் போனோம். எடை கேட்டார், சாப்பாடு கேட்டார், நான் எந்த வயதில் பெரியவளானேன் என்று கேட்டார். தண்ணீர் எது, பால் எங்கே வாங்குகிறீர்கள், வீடு எங்கே இருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோது சிரித்துவிட்டு, “இப்பல்லாம் இது சகஜம்மா” என்றார். அந்த வார்த்தை இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. எப்போதிலிருந்து சகஜம்? யாரைக் கேட்டு சகஜம்?

மூசிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வழியில்லை. எங்கள் குடிநீர் மூசியிலிருந்து வருவதில்லை. மஞ்சீரா, கிருஷ்ணா, கோதாவரியிலிருந்து வருகிறது. பிளாஸ்டிக் டப்பாவாக இருக்கலாம், பாலாக இருக்கலாம், கீரையாக இருக்கலாம், எங்கள் வம்சமாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமல்கூட இருக்கலாம். ஆனால் இல்லை என்று அடித்துச் சொல்ல உங்களுக்கும் வழியில்லையே? நீங்கள்தான் பார்க்கவே இல்லையே? ஒரு தாய் தன் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளாமலே சாக வேண்டும் என்று தீர்ப்பு எழுதியது யார்?

அமெரிக்காவில் ஒரு காலத்தில் கர்ப்பிணிகளுக்கு டிஇஎஸ் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள், கரு கலையாமல் இருக்க. தாய்மார்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே நினைத்தார்கள். 1971-ல் பாஸ்டன் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள்: அந்தத் தாய்மார்களின் பெண்களுக்கு, இளம் வயதில், அரிதான ஒரு பிறப்புறுப்புப் புற்றுநோய். வயிற்றில் இருக்கும்போது பட்டது, பதினைந்து இருபது வருஷம் கழித்து வெடித்தது. அவர்கள் நிரூபித்தார்கள், ஏனென்றால் மருந்துச் சீட்டு இருந்தது. எந்த அம்மா, எந்த மாதம், எத்தனை மாத்திரை என்று பதிவு இருந்தது. எங்கள் ஆறு எங்களுக்கு எந்தச் சீட்டும் எழுதித் தரவில்லை.

இங்கேயே, பக்கத்துக் கேரளத்தில், காசர்கோட்டில் நடந்ததைப் பாருங்கள். முந்திரித் தோட்டங்களுக்கு மேலே இருபது வருஷத்துக்கும் மேலாக ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். பையன்கள் பருவமடைவது தள்ளிப் போகிறது என்று ஆய்வு 2003-ல் அச்சில் வந்தது. எண்டோசல்ஃபானுக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது 2011-ல். பாதிக்கப்பட்டவர்களுக்கு மூன்று மாதத்தில் ஐந்து லட்சம் கொடு என்று உத்தரவு வந்தது 2017-ல். ஒரே ஒரு விஷம், ஒரே ஒரு பயிர், எப்போது யார் தெளித்தார்கள் என்று தெரிந்த வழக்கு, அதற்கே இத்தனை வருஷம். படுக்கையில் கிடக்கிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் தலைமைச் செயலகத்து வாசலில் உட்கார வேண்டியிருந்தது. ஆயிரம் விஷம் கலந்த ஆற்றுக்கரைக்காரிகள் எதைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் உட்காருவது?

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள், அது அவர்கள் ஊர்ச் சாக்கடை என்று நினைக்க வேண்டாம். சென்னைக்கு வருகிற கிருஷ்ணா நீர் ஸ்ரீசைலத்திலிருந்து வருகிறது, மூசி வந்து கலக்கிற வாடப்பள்ளி அதற்குக் கீழே இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் காவிரியில், தண்ணீரிலும் வண்டலிலும், தாலேட்டுகள் இருப்பதைத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி மூன்றிலும் பிஸ்ஃபீனாலையும் நோனைல்ஃபீனாலையும் தேடிக் கண்டுபிடித்தார்கள். தாமிரபரணியில் டிரைக்ளோசானும் இருந்தது. அதைக் கை கழுவும் சோப்பில் போடக் கூடாது என்று அமெரிக்கா 2016-ல் உத்தரவிட்டது. என் மாமியார் ஊர் ஆறு அது. அந்த ஆய்வாளர்கள் அளந்ததால் தெரிந்தது. பல்கலைக்கழகத்தார் அளக்க முடிந்ததை மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் மாதாமாதம் ஏன் அளக்கக் கூடாது? கருவி இல்லை என்பது பதிலாகாது. நாட்டின் மருந்துத் தலைநகரம் என்று மார் தட்டுகிற ஊரில், மாத்திரையில் இருக்கிற அணுவளவு கலப்படத்தையும் கண்டுபிடிக்கிற கருவிகள் ஒவ்வோர் ஆலையிலும் இருக்கின்றன. ஏற்றுமதி மாத்திரைக்கு அந்தக் கருவி. ஆற்றுக்குக் கிடையாது.

ஐரோப்பா என்ன செய்கிறது தெரியுமா? ஸ்விட்சர்லாந்து 2016 முதல் தன் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் ஓசோனும் கரியும் வைத்து இந்த நுண்விஷங்களைப் பிடிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய கழிவுநீர்ச் சட்டம் 2025-ல் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கூடுதல் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்களே கட்ட வேண்டும் என்கிறது அது. அங்கே மாத்திரை சாப்பிட்டவரின் சிறுநீருக்கு உற்பத்தியாளர் பணம் கட்ட வேண்டும். அதே மாத்திரையின் மூலப்பொருள் வெந்து வடிந்த கழிவுக்கு இங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. 2024 நவம்பரில், மூசி பிறக்கிற அதே விகாராபாத் மாவட்டத்தில், லகசர்லா கிராமத்தார் மருந்தாலைகளுக்கு நிலம் தர மாட்டோம் என்று கொந்தளித்தார்கள். பேச வந்த அதிகாரிகள் மேல் கை வைத்தது தப்புதான், நியாயப்படுத்த மாட்டேன். கைதாகிச் சிறைக்குப் போனவர்களைப் பார்த்து வளர்ச்சிக்கு விரோதிகள் என்றார்கள் சிலர். படான்செரு எத்தனை மணி நேரப் பயணம் என்று அந்த ஊர்க்காரனுக்குத் தெரியும் ஐயா. அவன் படிக்காதவன் இல்லை, பார்த்தவன்.

இப்போது ஆற்றைக் காப்பாற்றப் போகிறோம் என்கிறீர்கள். 55 கிலோமீட்டருக்கு நதிக்கரை மேம்பாடு, நடைபாதை, விளக்கு, படகு. 2024 செப்டம்பரில் ஆட்கள் வந்து சாதர்காட்டிலும் மூசா நகரிலும் சங்கர் நகரிலும் வீட்டுச் சுவர்களில் சிவப்புக் குறி போட்டார்கள். அக்டோபரில் வீடுகள் இடிந்தன. மின்சார மீட்டரும் ரேஷன் கார்டும் நீங்கள் கொடுத்தவைதானே? வீட்டுவேலைக்குப் போகிறவர்களும் ஆட்டோ ஓட்டுகிறவர்களும்தான் நோனைல்ஃபீனால் உற்பத்தி செய்தார்களா? அத்தனை வருஷம் விஷத்தை மூச்சில் இழுத்தவர்களை முதலில் அப்புறப்படுத்தினீர்கள். விஷம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அடுத்து தூர் வாருவீர்கள். வாரித்தான் ஆக வேண்டும், அந்தச் சேற்றின் மேல் படகு விட முடியாது. வாருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். நகரத்துக்குள்ளும் கீழேயும் இடம் இடமாகச் சேற்றை எடுத்து, நான் அன்றைக்கு அந்த அலுவலகத்தில் கேட்ட நான்கையும் அதோடு இன்னும் நாற்பதையும் சோதியுங்கள். முடிவைத் தெலுங்கிலும் உருதுவிலும் அச்சடித்து ஊர்ப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டுங்கள். பிறகு லாரிகள் கிளம்பட்டும். லட்சக்கணக்கான லோடு அந்தக் கருப்பு வண்டலை எந்த மண்டலத்தில், எந்தக் கிராமத்துப் புறம்போக்கில் கொட்டப் போகிறீர்கள்? ஒப்பந்தக்காரருக்கு அது தெரிந்திருக்கும். அந்த ஊரின் பெயரை இப்போதே சொல்லிவிடுங்கள், நாங்கள் போய் அந்த ஊர்ப் பெண்களோடு பேச வேண்டும்.